என்ன திரும்பி வரும் என்று முதலில் எழுதியவர்

2009 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் நண்பர் சு. தருமலிங்கத்தின் மூத்த மகன் இளங்கோ.

"அங்கிள், அப்பா தவறிட்டாரு. ஆறு மணி இருக்கும்."

"ஆறா, ஆறு தாண்டியா?"

அந்த நேரத்தில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். இளங்கோ வருத்தப்படவில்லை. அவன் என்னைச் சிறுவயதிலிருந்து அறிந்தவன்.

"ஆறு பத்து அங்கிள். நர்ஸ் எழுதி வச்சிருக்காங்க."

நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து இளங்கோ என் கம்போங் வீட்டுக்கு நேரில் வந்தான். மார்ச் 25, புதன்கிழமை, பதினாறாம் நாள் கிரியை. அன்று வருகிறவர்களுக்கு ஒரு சிறு நினைவு மலர் கொடுக்கப்போவதாகச் சொன்னான்.

"நீங்க எழுதினாத்தான் தேதியெல்லாம் சரியா இருக்கும் அங்கிள். ஆபீஸ் கதை போடுங்க, கம்ப்யூட்டர் கிளாஸ் கதை போடுங்க. அப்புறம் அஞ்சலைப் பாட்டி கதை. அந்தத் தோட்டத்து மானேஜர் பதில் அனுப்ப லேட்டு பண்ணித்தானே அவங்களுக்குக் குடியுரிமை இல்லாமப் போச்சு. பசங்களுக்கு அது தெரியணும்."

தருமலிங்கத்தை அறிந்த உங்களுக்கு, இளங்கோ கேட்ட மூன்றையும் எழுதுகிறேன். ஆனால் மூன்றாவதில் அவன் சொன்ன வரி தவறானது. அவன் குடும்பத்தில் அந்த வரி ஐம்பது ஆண்டுகளாக வழங்கிவருகிறது. அதைத் திருத்தாமல் நான் அவரைப் பற்றி எதையும் எழுத முடியாது.

முதலில் ஒரு சிறு திருத்தம். செய்தித்தாளில் வந்த இரங்கல் அறிவிப்பில் அவர் 1957இல் அரசாங்கப் பணியில் சேர்ந்தார் என்று உள்ளது. சரியான நாள் 1956 மார்ச் 1, வியாழக்கிழமை. சுதந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று நம் மலாக்காத் திடலில் அறிவித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. நகரத்தில் இருந்த ஓர் அரசாங்க அலுவலகத்தில், அதன் பெயர் இங்கே வேண்டாம், ஒரே பெஞ்சில் காத்திருந்து ஒரே காலையில் இருவரும் கிராணிகளாக, அதாவது எழுத்தர்களாக, சேர்ந்தோம். அவருக்கு இருபத்தொன்று, எனக்குப் பத்தொன்பது. அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் தம்பி. எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

1957 ஆகஸ்டு 31க்குப் பிறகு அந்த அலுவலகத்தின் வராந்தா ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வெளியிலிருந்து ஏதாவது கேட்டறிய வேண்டியிருக்கும். அதற்கென்று விசாரணைச் சீட்டுகள் இருந்தன. நாங்கள் எழுதிக் கொடுப்பதை அலுவலக ஆள் சைக்கிளில் கொண்டுபோவார். தொலைவாக இருந்தால் தபாலில் போகும். எதைக் கேட்டோம், எது வந்தது என்பது யாருக்கும் பிடிபடாது. பெயர் கேட்ட இடத்திலிருந்து ஒரு பக்கக் கதை வரும். எண்ணிக்கை கேட்டால், "விசாரித்துவிட்டோம்" என்று வரும்.

அந்தக் கூட்டம் தொடங்கிய இரண்டாவது மாதத்திலேயே தருமலிங்கம் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். சீட்டில் கேள்வியை எழுதுவதற்கு முன்பே, இடப்பக்க மேல்மூலையில் என்ன திரும்பி வரவேண்டும் என்று ஓரிரு சொல்லில் எழுதிவிடுவார்: தேதி, பெயர், எண், ஆம் அல்லது இல்லை. ஒன்றும் திரும்பி வரவேண்டாம், சொன்னதைச் செய்தால் போதும் என்றால் ஒரு சிறு கோடு. கோடு போட்ட சீட்டுக்கு நாங்கள் காத்திருக்க மாட்டோம். மற்றவற்றுக்கு, வந்த பதில் மூலையில் உள்ள சொல்லோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே கோப்பில் சேர்ப்போம்.

"கேக்குறதுக்கு முன்னாடி என்ன வாங்கப்போறேன்னு தெரியணும் தம்பி," என்பார். "பாத்திரம் எடுக்காம பாலுக்குப் போனா எதுல வாங்குவ?"

சீட்டுகளைக் கொண்டுபோகிறவர் காஜா பெராங் செட்டிக் கம்பத்துக்காரர், பல தலைமுறைகளுக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ்ச் செட்டிகளின் வழிவந்தவர். தமிழ் பேசமாட்டார், மலாய்தான். ஒவ்வொரு காலையும் சீட்டுக்கட்டை வாங்கி மூலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி பாலேக் அபா, இஞ்சே? சூராட்கா, ஓராங்கா?" என்று கேலி செய்வார். இது திரும்பி என்ன வரும் ஐயா, கடிதமா ஆளா என்று அர்த்தம். தருமலிங்கமும் முகத்தைச் சுளிக்காமல், "உன்ன அனுப்புனா நீ வந்தாப் போதும்பா," என்று மலாயிலேயே சொல்லி அனுப்புவார். ஆறு மாதத்தில் அலுவலகம் முழுவதும் அந்தப் பழக்கத்துக்கு மாறியது. நானும் மாறினேன். மாறியபின் அதை யோசிக்காமல் செய்யத் தொடங்கினேன்.

அஞ்சலை என்பவர் தருமலிங்கத்தின் அத்தை, அவர் தந்தையின் தங்கை. தாய் இறந்தபின் அவரை வளர்த்தவர். மலாக்காவிலிருந்து பதினான்கு மைல் தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் வேலை செய்தார். தமிழ்நாட்டில் பிறந்து 1931இல் இங்கே வந்தவர். 1958இல் அவருக்கு வயது நாற்பத்தாறு. நாற்பத்தைந்து வயது நிறைந்தவர்கள் சுதந்திரம் வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்வு கிடையாது. கடைசி நாள் 1958 ஆகஸ்டு 31. அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் இங்கே வசித்ததற்குச் சான்று மட்டும் வேண்டும்.

ஆகஸ்டு 4, திங்கட்கிழமை, தருமலிங்கம் அந்தக் கோப்பை என் மேசையில் வைத்தார்.

"இது எங்க அத்தை ஃபைலு. சொந்தக்காரங்க ஃபைல நான் தொடக்கூடாது. நீ பாத்துக்க."

"என்னண்ணே, நீங்களே ஒரு சீட்டு எழுதினா யாரு கேக்கப்போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான் தொடல."

அன்று பிற்பகல் தோட்டத்து மானேஜருக்கு நான் சீட்டு எழுதினேன். அஞ்சலை என்னும் பெண் உங்கள் தோட்டத்தில் வசித்துவருகிறாரா என்று கேட்டேன். மூலையில், "ஆம் அல்லது இல்லை" என்று எழுதினேன். அன்றைக்கு எழுதிய முப்பது சீட்டுகளில் இருபதுக்கு மேல் அதே சொற்கள்தான். கை அதிலேயே போய்விட்டது. எழுதியிருக்க வேண்டியது "தேதி". எந்த நாளிலிருந்து வசிக்கிறார் என்பதுதான் எங்களுக்குத் தேவை.

மானேஜர் நல்ல மனிதர். ஆகஸ்டு 14, வியாழக்கிழமை, பதில் வந்துவிட்டது: "ஆம்." கேட்டது வந்தது. மூலையோடு ஒப்பிட்டேன், பொருந்தியது. கோப்பில் சேர்த்து மேலே அனுப்பினேன்.

ஆகஸ்டு 25, திங்கட்கிழமை, கோப்பு திரும்பி வந்தது. வசித்த காலத்துக்குச் சான்றில்லை, விண்ணப்பம் முழுமையற்றது என்று மேலதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

இன்னும் ஆறு நாள் இருந்தது. பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் தோட்டம். போய் அலுவலகப் பதிவேட்டைப் பார்த்து ஒரு தேதியை எழுதி வாங்கிவந்தால் மறுநாளே முடிந்திருக்கும். ஆனால் அரைநாள் விடுப்பு கேட்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் எதற்கு என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து இன்னொரு சீட்டு எழுதித் தபாலில் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. தவறான சொல்லை எழுதியது கை. தபாலில் போட்டது நான்.

பதில் செப்டம்பர் 3, புதன்கிழமை, வந்தது. "1938 ஜூன் 6 முதல்" என்று தெளிவாக எழுதியிருந்தது. அதற்குள் சலுகை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. புதிய விண்ணப்பம் போட வேண்டும், மொழித்தேர்வும் உண்டு.

"என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டார் தருமலிங்கம்.

"மானேஜர் பதில் லேட்டாயிருச்சுண்ணே."

"சரி," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அத்தை அடுத்த ஆண்டு தேர்வுக்குப் போனார். வாய்மொழித் தேர்வுதான். வீடு எங்கே, எத்தனை பிள்ளைகள் என்று மலாயில் இரண்டு மூன்று கேள்விகள். கடைத்தெருவில் மீன்காரரோடு மலாயில் பேரம் பேசுகிறவர். ஆனால் மேசைக்கு அப்பால் தொப்பி வைத்த அதிகாரியைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வரவில்லை. வெளியே வந்து, "அவரு கேட்டது எல்லாம் புரிஞ்சிச்சுப்பா. பதிலுந்தான் தெரியும். சொல்லத்தான் முடியல," என்றாராம். மறுபடி போகமாட்டேன் என்றுவிட்டார். பின்னாளில் அவருக்குக் கிடைத்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு.

1969இன் இறுதியில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்று ஆனபோது தோட்டத்தில் அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. தருமலிங்கம் தம் வீட்டில் வந்து இருக்கச் சொன்னார். "உழைக்காம உக்காந்து சாப்பிட்டா அது எறங்காது எனக்கு," என்றார் அத்தை. 1970 பிப்ரவரி 11, புதன்கிழமை, போர்ட் சுவெட்டன்ஹாமில் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். வழியனுப்ப நானும் போயிருந்தேன். மூங்கில் கூடையில் ஒரு சேவலை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதை ஏற்றவிடமாட்டோம் என்றார்கள். அவர் அதை என் கையில் கொடுத்துவிட்டு, "நீயாவது பாத்துக்க ராசா," என்றார். வளர்த்தேன். நான்கு ஆண்டுகள் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. தருமலிங்கமும் அத்தையும் மீண்டும் சந்திக்கவில்லை.

இனி கணினி வகுப்பு.

நாங்கள் இருவரும் ஓய்வுபெற்று நெடுநாளாகியிருந்தது. காஜா பெராங் பொதுமண்டபத்தில் மூத்தவர்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் வகுப்பு 2006 ஜனவரி 14, சனிக்கிழமை, தொடங்கியது. ஆசிரியை கவிதா, ஆயர் குரோவில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் பெண். ஒன்பது பேர் சேர்ந்தோம். நிரலில் வரும் 'கிளாஸ்', 'ஆப்ஜெக்ட்' எனப்படும் பொருள் என்று அவர் முதல் மாதம் சொன்னவை ஒருவாறு விளங்கின. மார்ச் மாதத்தில் மெத்தட் வந்தது. அங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன்.

மெத்தட் என்பது பொருளிடம் ஒரு வேலையைச் சொல்லிக் கேட்பது. அதன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் நிற்கிறது. 'இன்ட்' என்றால் முழு எண் திரும்பி வரும். 'பூலியன்' என்றால் உண்டு அல்லது இல்லை. 'ஸ்டிரிங்' என்றால் எழுத்து. 'வாய்ட்' என்றால் வேலை நடக்கும், ஒன்றும் திரும்பி வராது. கவிதா இவ்வளவும் சொன்னார். என் நிரல் திரையில் விடையைச் சரியாகவே காட்டியது. ஆனால் அந்த விடையை அடுத்த வரியில் பயன்படுத்தப் போனால் இயந்திரம் மறுத்தது.

"ஸ்கிரீன்ல தெரியுது மிஸ். அப்புறம் ஏன் இல்லங்குது?"

"அங்கிள், நீங்க பிரின்ட்தான் பண்ணிருக்கீங்க, ரிட்டர்ன் பண்ணல லா. ரெண்டும் வேற."

"எப்படி வேற? கண்ணுக்குத் தெரியுதே."

கவிதா மூன்று முறை விளக்கினார். எனக்கு ஏறவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து தருமலிங்கம் திரும்பினார்.

"தம்பி, நம்ம ஆள் சீட்டு எடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போறான். மானேஜர் வராந்தாவுல நின்னுக்கிட்டு, 'முப்பத்தெட்டுலேருந்து இருக்காங்கப்பா'ன்னு கத்துறாரு. அங்க இருக்கிற அத்தனை பேர் காதுலயும் விழுது. சீட்டுல எழுதல. ஃபைல்ல என்ன ஏறும்?"

"ஒன்னும் ஏறாது."

"கத்துறது பிரின்ட்டு. சீட்டுல எழுதித் தர்றது ரிட்டர்ன். இந்தப் பக்கம் நீ அதை வாங்கி வைக்கணும். வாங்கலன்னா அவன் எழுதித் தந்தும் வீண்தான்."

கவிதா சிரித்துவிட்டார். "அங்கிள் நீங்களே கிளாஸ் எடுங்க, நான் கோப்பி குடிச்சிட்டு வரேன்."

எனக்கு விளங்கிவிட்டது. கூடவே, அவர் சொன்ன ஆண்டும் காதில் தங்கிவிட்டது. எத்தனையோ ஆண்டுகள் இருக்க முப்பத்தெட்டு ஏன்?

அடுத்த சனிக்கிழமை, மார்ச் 11. சொந்தமாக ஏதாவது எழுதிவரச் சொல்லியிருந்தார் கவிதா. தருமலிங்கம் 'விண்ணப்பதாரர்' என்ற பெயரில் ஒரு கிளாஸ் எழுதியிருந்தார். அதில் ஒரே ஒரு மெத்தட். தோட்டத்தில் வசிப்பது பற்றிக் கேட்பது. அதன் முன்னால் 'பூலியன்' என்று போட்டிருந்தார். ஆனால் பதிலை வாங்கி வைக்கும் வரியில் ஒரு தேதியை எதிர்பார்த்திருந்தார். இயக்கப் போனதுமே சிவப்புக் கோடு வந்தது. வகை பொருந்தவில்லை, உண்டு இல்லை என்பதைத் தேதியாக்க முடியாது என்றது இயந்திரம்.

"டைப்பு தப்பாப் போட்டுட்டீங்க அங்கிள்," என்றார் கவிதா.

"வேணும்னேதான் போட்டேன் மிஸ். எப்பச் சொல்லுதுன்னு பாக்கணும்னு." பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்ல என்னிடம் சொன்னார்: "ஓடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுது பாத்தியா. யாரையும் அனுப்புறதுக்கு முன்னாடியே."

வகுப்பு முடிந்து, வழக்கம்போல் ஜாலான் பெண்டஹாராவில் இருந்த கடைக்கு நடந்தோம். இருவருக்கும் தேநீர் வந்தது. நான் குடிக்கவில்லை.

"எப்பத் தெரியும்ணே?"

"அம்பத்தெட்டு செப்டம்பர்லயே. புது விண்ணப்பம் போட பழைய ஃபைல எடுத்தேன். அன்னிக்கு ஒருநாள்தான் அதத் தொட்டேன். மூலையில உன் கையெழுத்து."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்."

நாற்பத்தேழு ஆண்டுகள், ஆறு மாதம். அதில் முப்பத்துநான்கு ஆண்டு பக்கத்து மேசை.

"பசங்ககிட்ட மானேஜர்னு ஏன் சொன்னீங்க?"

"நீ என்கிட்ட சொன்னதைத்தான் சொன்னேன். அந்த வெள்ளக்காரன் எப்பவோ ஊருக்குப் போய்ச் சேந்துட்டான். அவன் மேல போட்டா யாருக்கு வலிக்கப்போவுது?"

"என்னை மன்னிச்சிருங்கண்ணே."

அவர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"அத என்கிட்ட கேக்காத. அது என்னுது இல்ல, அத்தையோடது. அத்தை இல்ல. இல்லாதவங்களுக்காக நான் எப்படிக் குடுக்க?" பிறகு எழுந்து, "அடுத்த வாரம் சீக்கிரம் வா. லூப்பு ஆரம்பிக்கிறாங்களாம். உனக்குப் புரியாது," என்றார்.

அடுத்த வாரம் சீக்கிரம் போனேன். அதற்கடுத்த வாரமும். அந்த வகுப்பு முடிந்தபிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது 2009 பிப்ரவரி 28, அதுவும் சனிக்கிழமை. மருத்துவமனைக் கட்டிலில் மெலிந்து கிடந்தார். மூச்சுக்கு நடுவே பேசினார்.

"இளங்கோ உன்னைத்தான் எழுதச் சொல்லுவான். மானேஜர்னே எழுதிடு தம்பி. உனக்கும் வயசாயிருச்சு. அவங்க உன்னை அங்கிள்னு கூப்புடுறாங்க. அப்படியே இருக்கட்டும்."

"சரிண்ணே," என்றேன்.

அவரிடம் நான் பொய்யாகச் சொன்னது வாழ்நாளில் இரண்டு முறை. முதலாவது செப்டம்பர் 3, 1958. இரண்டாவது இது.

இளங்கோ, உன் தம்பி தங்கைகளுக்கும் உன் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. தோட்டத்து மானேஜர் தாமதிக்கவில்லை. அவரிடம் கேட்டதற்கு முதல்முறை பத்தாம் நாள் பதில் தந்தார், இரண்டாம் முறை ஒன்பதாம் நாள். அஞ்சலை அத்தையின் குடியுரிமை போனதற்கு அவர் காரணமில்லை. 1958 ஆகஸ்டு 4ஆம் தேதி தவறாகக் கேட்டவனும், 25ஆம் தேதி உண்மையை மறைத்தவனும் நானே. இதற்குப்பின் நீங்கள் என்னை எப்படி அழைத்தாலும், அழைக்காமலே விட்டாலும், அது சரியானதாகவே இருக்கும். இந்தக் கட்டுரை மலரில் வேண்டாமென்றால் எடுத்துவிடு. மானேஜர் என்ற வரியை மட்டும் எங்கும் அச்சிடாதே.

தருமலிங்கத்திடமிருந்து நான் வைத்திருப்பது மன்னிப்பு அல்ல. அவர் அதைத் தரவில்லை, தராமல் விட்டதில் அவர் செய்தது சரி. நான் வைத்திருப்பது, எல்லாம் தெரிந்திருந்தும் என் பக்கத்து நாற்காலியை அவர் ஒருநாளும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதைத்தான். சனிக்கிழமைகளில் இப்போதும் மண்டபத்துக்குப் போகிறேன். அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.